அண்ணியின் கடைசி வசனம்

நாடகத்தில் வசனம் எடுத்துக்கொடுப்பது ஒரு தனி வித்தை. மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால், பார்ப்பவர்கள் கண்ணில் படாமல், மடியில் பிரதியை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். நடிகருக்கு வசனம் மறந்துபோனால் அடுத்த வரியின் முதல் இரண்டு சொற்களை மட்டும் சொல்வார். முழு வரியையும் சொல்லக்கூடாது. ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் தள்ளிவிடுவது போலத்தான் இது. கிளம்புகிற வரைக்கும் தள்ளினால் போதும். கிளம்பின பிறகும் தள்ளிக்கொண்டே ஓடினால், தள்ளுகிறவர்தான் குப்புற விழுவார்.

குசுகுசுவென்றும் சொல்லக்கூடாது. அப்படிப் பேசும்போது ‘ஸ்’, ‘ஷ்’ எல்லாம் பாம்பு சீறுவது போல அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் போய்விடும். தேர்ந்தவர்கள் சாதாரணக் குரலையே அடக்கி, தாழ்த்தி, நடிகரின் காதுக்கு மட்டும் அனுப்புவார்கள்.

எங்கள் குழுவில் இந்த வேலையைச் செய்தவர் மைக் அண்ணன். பகலில் அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கிடைத்திருக்கிறது என்பதையெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வார். ஒலிபெருக்கி பழுதானால் அது இல்லாமலேயே சொல்வார். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அவர் தம் குரலைத் தாழ்த்துகிறபோது நமக்குத்தான் காது அடைக்கும்.

அந்த வேலைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அவருடைய மனைவி நடிக்க வந்தார். இவரும் கூடவே வந்தார். மனைவியை நாங்கள் எல்லோரும் அண்ணி என்போம். பெரிய மருந்துக்கடையில் வேலை. வாயில் நுழையாத ஆயிரம் மருந்துப் பெயர்களை, எது எந்த அடுக்கில் எத்தனையாவது பெட்டியில் இருக்கிறது என்பதோடு சேர்த்து ஞாபகம் வைத்திருப்பவர். நாடகப் பிரதியைக் கையில் கொடுத்த இரண்டாம் நாளே தம் வசனத்தோடு மற்றவர்கள் வசனத்தையும் ஒப்பித்தார். எங்கள் குழுவில் எடுத்துக்கொடுக்கத் தேவையே இல்லாத ஒரே ஆள் அவர்தான். மைக் அண்ணனோ அவருக்கு மட்டும்தான் எடுத்துக்கொடுப்பார்.

“பாவம், புதுசு. பயந்துருவா” என்பார்.

அவர் வீட்டிலும் அப்படித்தானாம். போனில் சொந்தக்காரர் யாராவது பேசினால் அண்ணிக்குப் பக்கத்திலேயே நின்று, “நல்லா இருக்கோம்னு சொல்லு... காலு வலிய பத்திக் கேளு... சரி, வைக்கட்டுமான்னு கேளு” என்று எடுத்துக்கொடுப்பார். ஒருமுறை மறுமுனையில் இருந்த சித்தி, “அவர்கிட்டயே குடும்மா, எனக்கும் நேரம் மிச்சம்” என்றாராம்.

நான் பகலில் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவன். மாலையில் குழுவுக்கு விளக்கும் ஒலியும். மேடையை நேர் எதிரே பார்த்தபடி, அரங்கத்தின் பின்பக்க மூலையில் என் சுவிட்சுப் பலகை இருக்கும். அதனால் நடந்ததெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நாடகத்தின் பெயர் ‘நான்காவது சுவரில் ஒரு மனைவி’. மேடை வீட்டுக்கு மூன்று சுவர்தான் உண்டு. பார்ப்பவர்கள் பக்கம் இருக்கவேண்டிய சுவரை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும்; அதுதான் நான்காவது சுவர். எங்கள் டைரக்டர் அந்தக் கற்பனைச் சுவரில் ஒரு கற்பனை ஜன்னலை வைத்து, அதன் கற்பனைக் கம்பியை அண்ணி பிடித்துக்கொண்டு பெருமூச்சு விடவேண்டும் என்று எழுதியிருந்தார். பெருமூச்சு மட்டும் நிஜம். முதல் காட்சியில் நான்கு, இரண்டாவதில் ஆறு.

கதை இதுதான். கணவன் மனைவியை எதையும் தானாகச் செய்யவிடுவதில்லை. எந்தப் புடவை, எந்தக் கடை, யாரோடு பேச்சு என்று எல்லாவற்றையும் அவனே தீர்மானிக்கிறான். கடைசிக் காட்சியில் அவள் ஜன்னலை விட்டுத் திரும்பி, “இனிமேல் என் வார்த்தையை நானே பேசுவேன்” என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுப் போகிறாள். திரை இறங்குகிறது.

கணவனாக நடித்தவர் பல் டாக்டர். கொடுமைக்காரக் கணவனுக்கு வேண்டிய உயரமும் மீசையும் இருந்தன. ஆனால் கோபமாகப் பேசவேண்டிய இடத்தில் எல்லாம் பழக்க தோஷத்தில், “வலிக்காது, ஒரே நிமிஷம்” என்கிற தொனி வந்துவிடும்.

ஒத்திகையின்போது ஒருநாள் அண்ணி கேட்டார். “டைரக்டர் தம்பி, இவ எதுக்கு வீட்டை விட்டுப் போறா?”

“நவீன நாடகம் அண்ணி. பொண்டாட்டி போயே ஆகணும்.”

“போகலைன்னா?”

“பைத்தியம் பிடிக்கணும்.”

“அதுவும் வேணாம்னா?”

டைரக்டர் யோசித்தார். “செத்துப் போகலாம். ஆனா அதுக்கு லைட்டிங் செலவு ஜாஸ்தி.”

“மொத்தமே மூணு வழிதானா?” என்றார் அண்ணி. “எங்க கடையில தலைவலிக்கே பதினோரு மாத்திரை இருக்கு தம்பி.”

எல்லோரும் சிரித்தோம். டைரக்டர் சிரிக்கவில்லை. “அண்ணி, இது பெண் விடுதலையைப் பத்தின நாடகம். தயவுசெஞ்சு நான் எழுதினதை எழுதினபடியே பேசுங்க. ஒரு கமா கூட மாறக்கூடாது.”

“சரி” என்று சொல்ல அண்ணி வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து, “சரின்னு சொல்லு” என்று குரல் வந்தது.

முதல் மேடையேற்றம் ஒரு சின்ன அரங்கில் நடந்தது. சின்ன அரங்கில் ஒரு சங்கடம் உண்டு. பக்கத்திரைக்கும் முதல் வரிசைக்கும் இடையே தூரம் குறைவு. சுவரோ சிமெண்டுப் பூச்சு. சத்தம் எதில் பட்டாலும் உறிஞ்சப்படாமல் திரும்பி வரும். திரை திறந்தது. அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

“இன்று வானம் ஏன் இவ்வளவு...” என்றது ஆண் குரல் ஒன்று. அரங்கம் முழுக்கக் கேட்டது.

“இன்று வானம் ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது?” என்றார் அண்ணி.

முன்வரிசையில் யாரோ கனைத்தார்கள். அடுத்த வசனமும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. முதலில் பேருந்து நிலையம், பிறகு அண்ணி. வண்டி தள்ளுகிறவர் கையை எடுக்கவே இல்லை. நான் பலகைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். டைரக்டர் ஒரு தூணைக் கட்டிப்பிடித்து நின்றார். கடைசிக் காட்சியும் வந்தது.

“இனிமேல் என் வார்த்தையை நானே பேசுவேன்” என்று முழு வரியையும் மைக் அண்ணன் கணீரென்று சொன்னார்.

“இனிமேல் என் வார்த்தையை நானே பேசுவேன்” என்று அண்ணியும் சொல்லிவிட்டுப் போனார்.

யாரும் கைதட்டவில்லை. மானம் கப்பலேறியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். பத்திரிகை விமர்சகர். அவர் தட்டியதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள்.

அந்த வாரம் வந்த விமர்சனத்தில், திருமணமான பெண்ணின் பேச்சு அவளுடையதே அல்ல, அவள் வாய் திறக்கும் முன்பே கணவனின் குரல் அவளுக்குள் பேசிவிடுகிறது என்பதை, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆண் குரலின் வழியே இந்த நாடகம் காட்டிவிட்டது என்றும், விடுதலை வசனத்தைக்கூட அந்தக் குரலேதான் முதலில் சொல்கிறது என்றும் எழுதியிருந்தார்.

டைரக்டர் அதை நான்கு முறை படித்தார். ஐந்தாம் முறை படிக்கும்போது அது தாமே யோசித்ததாக அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

“இதை முதல்லயே உங்ககிட்ட எல்லாம் சொல்லணும்னு இருந்தேன்” என்றார்.

பெரிய அரங்கம் ஒன்றில் தொடர்ந்து சில நாள் நடத்த அழைப்பு வந்தது. பெரிய அரங்கில் மைக் அண்ணன் குரல் சுவரில் பட்டுத் திரும்பாது. திரைச்சீலைகளும் மெத்தை இருக்கைகளும் குடித்துவிடும். ஆகவே அவருக்கு ஒரு மைக் வைக்கும்படி என்னிடம் சொன்னார் டைரக்டர். வாழ்க்கையில் அந்த மனிதருக்கு மைக் வைத்தவன் என்கிற பெயரும் எனக்குக் கிடைத்தது. சட்டைக் காலரில் ஒரு குட்டி மைக், பல் டாக்டர் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஒலிபெருக்கி. அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இனிமே கஷ்டப்பட்டுக் கத்த வேணாம்” என்றார். அதுவரை கஷ்டப்பட்டு மெதுவாகப் பேசுவதாகத்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அண்ணிக்கு மட்டும் முகம் விழுந்துவிட்டது. மைக்குக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

“தம்பி, இத்தனை நாள் ஒத்திகையில ஒரு வரியாவது நான் தனியா சொல்லி நீ கேட்டிருக்கியா?”

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை.

“எனக்கு மத்ததெல்லாம் போகட்டும். அந்தக் கடைசி வரியை ஒரே ஒரு தடவை நான் மட்டும் சொல்லணும். அது எப்படி இருக்கும்னு எனக்கே தெரியலடா.”

டைரக்டரிடம் போய்க் கேட்டார். அவர் பதறினார். “அண்ணி! அந்தக் குரல்தான் நாடகத்தோட உயிரு. நீங்க தனியாப் பேசினா பெண்ணடிமைத்தனம் எப்படித் தெரியும்?”

கணவரிடம் கேட்டார். நான் ஒயரைச் சுவரோரம் ஒட்டிக்கொண்டே அதையும் கேட்டேன்.

“நீ தடுமாறிட்டேன்னா?” என்றார் அண்ணன்.

“தடுமாறினா தடுமாறிட்டுப் போறேன்.”

“எல்லாரும் சிரிப்பாங்களே.”

“என்னைப் பார்த்துத்தானே சிரிப்பாங்க? உங்களுக்கு என்ன?”

“எனக்கு என்னவா?” மைக் அண்ணன் உண்மையிலேயே அடிபட்ட முகத்தோடு பார்த்தார். “உன்னைப் பார்த்து யாராவது சிரிச்சா எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வராது” என்றார்.

அண்ணி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். பிறகு, “கடைசி வரி மட்டுங்க” என்றார்.

“சரி. வாயைத் திறக்க மாட்டேன். சத்தியம்.”

சத்தியத்தை நம்பினாலும், மருந்துக்கடைக்காரர் அல்லவா, அண்ணி கூடவே ஒரு தொண்டை மிட்டாயும் கொடுத்தார். நெல்லிக்காய் அளவு. கரைய வெகுநேரம் ஆகும் ரகம். கடைசிக் காட்சி தொடங்கும்போது வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், அது இருக்கும் வரை பேசவே முடியாது என்பது திட்டம்.

பெரிய அரங்கம் நிரம்பி வழிந்தது. விமர்சகர் இந்த முறை முதல் வரிசையில். முதல் இரண்டு காட்சிகள் பிசகில்லாமல் போயின. பல் டாக்டர் நாற்காலியில் அமர்ந்து மிரட்ட, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மைக் அண்ணன் குரல் வர, அண்ணி அதைத் திருப்பிச் சொல்ல, கூட்டம் உச்சுக்கொட்டியது. கடைசிக் காட்சி வந்தது. அண்ணன் மிட்டாயை வாயில் போடுவது ஒலிபெருக்கியில் ‘களுக்’ என்று கேட்டது. கணவனின் ஆதிக்கம் மனைவியை விழுங்குகிற சத்தம் என்று நினைத்தாரோ என்னவோ, விமர்சகர் ஏதோ எழுதிக்கொண்டார்.

அண்ணி ஜன்னல் கம்பியை விட்டார். மெல்லத் திரும்பினார். நிறுத்தினார்.

இந்த நிறுத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நல்ல நடிகர் ஒரு பெரிய வசனத்துக்கு முன்னால் சற்றுப் பேசாமல் நிற்பார். கல்லை எறியுமுன் கை பின்னால் போவது போல. ஆனால் பக்கத்திரைக்குப் பின்னால் இருப்பவருக்கு, அது நிறுத்தமா மறதியா என்று தெரியாது. இரண்டும் வெளியே ஒரே மாதிரி இருக்கும். எடுத்துக்கொடுக்கும் தொழிலில் இதைவிடக் கஷ்டமான இடம் இல்லை. பழுத்த அனுபவசாலிகளே இங்கே சறுக்குவார்கள்.

மைக் அண்ணன் பொறுத்தார். மூச்சு வாங்குவது ஒலிபெருக்கியில் கேட்டது. மிட்டாய் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு உருண்டது. அண்ணி இன்னும் பேசவில்லை. ‘கடக்’. மிட்டாய் உடைந்தது. பல் டாக்டர் தம் தொழிலை மறக்க முடியாமல் திரும்பிப் பார்த்தார்.

“இனிமேல்...” என்றது குரல்.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

“இனிமேல் என் வார்த்தையை...” என்றது குரல், கெஞ்சலாக.

இப்போது அண்ணிக்கு ஒரு பெரிய சிக்கல். அந்த வரியைச் சொன்னால் வழக்கம்போலத் திருப்பிச் சொன்னதாகும். சொல்லாவிட்டால் நாடகம் முடியாது. அவர் நின்றார். குரல், கடைசி வண்டியை அறிவிக்கும் அவசரத்தோடு, “நானே பேசுவேன், நானே பேசுவேன்!” என்றது.

“ஏங்க” என்றார் அண்ணி.

அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. இது பிரதியில் இல்லை.

“கொஞ்சம் வெளிய போறீங்களா?”

பல் டாக்டர் எழுந்துவிட்டார்.

“நீங்க இல்ல டாக்டர், உட்காருங்க.”

டாக்டர் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், மோட்டார் நின்றுபோன தம் கிளினிக் நாற்காலி போல நடுவில் நின்றுவிட்டார்.

“நானா?” என்றது ஒலிபெருக்கி.

“ஆமாங்க.”

“எங்க போறது?”

“காலையிலேருந்து சாயந்தரம் வரைக்கும் ஊரையெல்லாம் பஸ் ஏத்தி அனுப்புறீங்க. எங்க போறதுன்னு என்னைக் கேக்குறீங்களே!”

சிரிப்பு கூரையில் முட்டியது. பக்கத்திரை அசைந்தது. மைக் அண்ணன் வெளியே வந்தார். கையில் பிரதி, காலரில் மைக், கன்னத்தில் உடைந்த மிட்டாய். பின்வாசலில் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்ததால் மேடையைக் கடந்துதான் போகவேண்டும். நான் என்னையறியாமல் அவர்மேல் ஒரு வெளிச்சத்தைப் போட்டுவிட்டேன். அவர் வெளிச்சத்தைப் பார்த்துப் பயந்து ஒரு கும்பிடு போட்டார். பல் டாக்டரைத் தாண்டும்போது, “சாரி சார்” என்றார். அது எல்லாருக்கும் கேட்டது. மேடைப் படியில் இறங்கினார். எங்கே போவது என்று இன்னமும் தெரியவில்லை. விமர்சகருக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்துவிட்டார். நான் மைக்கை அணைத்தேன்.

மேடையில் அண்ணி தனியாக நின்றார். பாதி உட்கார்ந்த பல் டாக்டர் கணக்கில் இல்லை.

வாயைத் திறந்தார். வரி வரவில்லை. ஆயிரம் மருந்துப் பெயரில் ஒன்றையும் மறக்காதவருக்கு அந்த ஒரு வரி மறந்துபோய்விட்டது. என் இடத்திலிருந்து பார்த்தாலே அது நிறுத்தம் இல்லை, மறதிதான் என்று தெரிந்தது. கூட்டத்துக்கு வரி தெரியும். இப்போதுதானே மூன்று முறை கேட்டார்கள். பின்வரிசையில் ஒருவர் நல்ல மனசோடு, “இனிமேல் என்...” என்று ஆரம்பித்தார்.

“ஷ்ஷ்!” என்று மைக் அண்ணன் எழுந்து திரும்பினார். மைக் இல்லாமலே அரங்கம் அதிர்ந்தது. “யாருய்யா அது? அவளே சொல்லுவா!”

சொல்லிவிட்டு உட்கார்ந்து, விமர்சகர் கையை எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விமர்சகரால் அதன் பிறகு எதையும் எழுதிக்கொள்ள முடியவில்லை.

அண்ணி சிரித்தார். “மறந்துபோச்சு” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “முழுசா மறந்துபோச்சு. பரவாயில்ல, கொஞ்சம் இருங்க, யோசிச்சு சொல்றேன்.”

பல் டாக்டரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிஜமாகவே யோசித்தார்.

“நான் வீட்டை விட்டுப் போறதா எழுதியிருக்கு” என்றார் கடைசியில். “அவர் இப்பத்தான் போனார். ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போனா போதாதா? நான் இங்கயே இருக்கேன். நல்லா இருக்கு. பேச்சே இல்ல.” கொஞ்சம் காலை நீட்டிக்கொண்டார். “நீங்க எல்லாரும் கிளம்புங்க. நான் அப்புறமா வரேன்.”

திரை இறங்கவில்லை. திரை இழுக்கச் சைகை கொடுப்பவரும் மைக் அண்ணன்தான். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆகவே அண்ணி பாட்டுக்கு உட்கார்ந்திருக்க, கூட்டம் பாட்டுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் நானே விளக்கைக் குறைத்தேன்.

பின்கட்டில் டைரக்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் காகிதம்.

“அண்ணி, பிரமாதம்! எல்லாத்தையும் எழுதிக்கிட்டேன். ‘மறந்துபோச்சு’, அப்புறம் சிரிப்பு, அப்புறம் ‘பரவாயில்ல’. நாளைக்கும் இதையே, இதே மாதிரி, ஒரு கமா மாறாம...”

“நாளைக்கு என்ன சொல்லுவேன்னு எனக்கு நாளைக்குத்தான் தம்பி தெரியும்.”

“அது எப்படி அண்ணி? திரையை எப்ப இறக்கறது?”

“நான் பேசி முடிச்சதும்.”

“முடிச்சிட்டீங்கன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?”

“கவனிச்சுக் கேளுங்க” என்றார் அண்ணி. “தெரியும்.”

டைரக்டர் இதையும் காகிதத்தில் எழுதத் தொடங்கினார். அண்ணி அதைப் பிடுங்கி மடித்து விசிறிக்கொண்டார்.

அதற்குள் மைக் அண்ணன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். மனைவியின் எதிரில் நின்று வெகுநேரம் பேசாமல் பார்த்தார். அவர் பேசாமல் நின்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை. டாக்டர், வாயில் ஏதாவது அடிபட்டுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்.

“உன்னை நேரா பார்த்ததே இல்லம்மா” என்றார் அண்ணன். “அங்கேருந்து உன் இடது காது மட்டும்தான் தெரியும்.”

“எப்படி இருந்துச்சு?”

“காதா?”

“நாடகங்க!”

“இன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது. ஆனா நல்லாத்தான் இருந்துச்சு.” அண்ணன் கையிலிருந்த பிரதியை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்தார். “அப்ப நாளைக்கு நான் எங்க உட்கார்றது?”

“அதே இடத்துல. டிக்கெட் வாங்கிக்கங்க” என்றார் அண்ணி. “அந்த விமர்சகர் கையை மட்டும் விட்டுருங்க, பாவம், அவருக்கு எழுதணும்.”